ஓட்டத்துக்கும் ஜிம்முக்கும் ஒரே ஷூ போதுமா?

கேள்வி: என் வயது 36. வாரத்தில் மூன்று நாள் நிதானமாகவும் ஒரு நாள் வேகமாகவும் ஓடுகிறேன். இரண்டு நாள் ஜிம்மில் எடைப்பயிற்சி. சமீபத்தில் கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினேன். எல்லாவற்றுக்கும் அதேதான். இப்போது காலையில் எழுந்து கால் ஊன்றியதும் குதிகாலுக்குப் பின்னால், சற்று மேலே இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் நடந்தால் விட்டுவிடுகிறது. ஷூதான் காரணமா? ஒவ்வொரு பயிற்சிக்கும் தனி ஷூ வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) பாதிப்பு போலிருக்கிறது. காலையில் விறைப்பு, நடந்தால் தளர்வு என்பது அதன் வழக்கமான அறிகுறி. பழியை முழுக்க ஷூ மீது போட மாட்டேன். வேக ஓட்டத்தில் இந்தத் தசைநாணுக்குச் சுமை அதிகம். புது ஷூவும் சேர்ந்துகொண்டதுதான் சிக்கல்.

கார்பன் தகடு ஷூ பந்தயத்துக்காகச் செய்தது. தடித்த, மென்மையான நுரைக்குள் விறைப்பான தகடு இருப்பதால் பாதத்தில் சுமை விழும் இடமே மாறுகிறது. இதை அணிந்து ஓடியவர்களுக்கு நடுப்பாத எலும்பில் அழுத்தக் காயம் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பு நலிவது அல்லது நுண்விரிசல் விடுவது) வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பந்தயத்துக்கும் எப்போதாவது ஒரு வேகப் பயிற்சிக்கும் எடுத்துவையுங்கள். இதைப் போட்டுக்கொண்டு ஸ்குவாட் செய்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எடையைத் தூக்கும்போது மெத்தென்ற அடிப்பகுதி அமுங்கிக் கணுக்கால் ஆடும். ஜிம்முக்குத் தட்டையான, கெட்டியான அடிப்பகுதி உள்ள ஷூ போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

நிதான ஓட்டத்துக்கு, குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மி.மீ. உயர்ந்த சாதாரண ஷூ வாங்குங்கள். இந்த உயர வித்தியாசம் குறையக் குறைய முழங்காலின் சுமை கெண்டைக்காலுக்கும் அக்கிலிஸுக்கும் இறங்கும். அதனால் 'வெறுங்கால் போல' என்று விற்கும் தட்டை ஷூக்கள் உங்களுக்கு இப்போது வேண்டாம். கரடுமுரடான மண்பாதையில் ஓடாதவரை பல் வைத்த டிரெயில் ஷூவும் தேவையில்லை.

பாதத்தின் வளைவைப் பார்த்துக் கடைக்காரர் ஷூ எடுத்துக்கொடுப்பார். அமெரிக்க ராணுவப் பயிற்சி வீரர்களிடம் இந்த முறையைச் சோதித்தார்கள், காயங்கள் குறையவில்லை. போட்டுக்கொண்டு கொஞ்சம் ஓடிப் பாருங்கள், எது உறுத்தவில்லையோ அதுதான் உங்கள் ஷூ. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது போய் வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். 500 முதல் 800 கி.மீ. ஓடியதும் நுரை தளர்ந்துவிடும்; மேற்புறம் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வலிக்கு முழு ஓய்வு வேண்டாம். வேக ஓட்டத்தைச் சில வாரங்கள் நிறுத்துங்கள். வலி கூடாத அளவுக்கு நிதானமாக ஓடலாம். நின்றபடி குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்யுங்கள். பலன் தெரிய மாதங்கள்கூட ஆகலாம்.

அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா? அவை இந்தத் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. சாப்பிட்டிருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பின்னங்காலில் 'பட்'டென்று அறுந்தாற்போல் உணர்ந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.