ஒற்றைக் கோழிக்கு வாத்துகள் துணையாகுமா?

நாய் புகுந்து மற்ற கோழிகளைக் கொன்றுவிட்டது, ஒரு பெட்டைக்கோழியும் நான்கு வாத்துகளும்தான் மிச்சம், கோழிக்கு வாத்துகளே துணையாக இருந்துவிடுமா, இல்லை வேறு கோழி வாங்கிச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பகலுக்கு வாத்து போதும். ராத்திரிக்குப் போதாது.

கும்பகோணம் பக்கம் எங்கள் கொல்லையில் மூன்று மாதம் இதே கதைதான் ஓடியது. எங்கள் கோழிகளைக் கொன்றது நாய் இல்லை, வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய். ஒரே வாரத்தில் ஏழு கோழி போய், சாம்பல் நிறப் பெட்டை ஒன்று மட்டும் தப்பியது. ஐந்து வாத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நோய் வாத்தை அவ்வளவாகப் படுத்தாது. ஆனால் வாத்து வெளியே தெரியாமல் கிருமியைச் சுமந்து திரியும். பறவைக் காய்ச்சலையும் அப்படிச் சுமப்பது உண்டு. அதனால் ஒரே கொல்லையில் இரண்டையும் வளர்ப்பவர் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது. நான் தள்ளிப்போட்டேன்.

தப்பிய கோழி காலையில் வாத்துகளின் பின்னாலேயே போகும். அவை சேற்றைக் கிளறினால் இதுவும் ஓரத்தில் நின்று புழு பொறுக்கும். வாத்துகள் வாய்க்காலில் இறங்கியதும் கரையிலேயே நடந்துகொண்டு கத்தும். பார்க்கப் பாவமாக இருக்கும். பொழுது சாய்ந்தால் அதைவிடப் பாவம். வாத்துகள் வைக்கோலில் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். கோழி தரையில் படுக்காது, உயரத்தில்தான் அடையும். குறுக்குக் கம்பில் ஒரு ஓரமாக அது மட்டும் உட்கார்ந்திருக்கும். உடம்போடு உடம்பு ஒட்டி அடைகிற பிராணிக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. மழை நாளில் குளிருக்கு அது ஒடுங்குவதைப் பார்த்துத்தான் இன்னொரு கோழி வாங்க முடிவு செய்தேன்.

அங்கே ஒரு தப்பு செய்தேன். சந்தையில் ஒரே ஒரு வெடக்கோழி, அதாவது இளம் பெட்டை, வாங்கி வந்து, சாக்கை அவிழ்த்து நேராகக் கொல்லையில் விட்டேன். இத்தனை நாள் துணைக்கு ஏங்கிய நம்ம கோழி ஓடிவந்து உறவு கொண்டாடும் என்று நினைப்பு. அது கொண்டையைப் பிடித்துக் கொத்தி ரத்தம் வரவைத்துவிட்டது. வந்தது விறகுக் கட்டைக்கு அடியில் புகுந்துகொண்டு மறுநாள் வரை வெளியே வரவில்லை.

அப்பாயி திண்ணையிலிருந்தே சொன்னார்: "வந்தத வந்த கையோட அவுத்து விட்டா கொத்தாம என்ன பண்ணும்? பஞ்சாரத்துல போட்டுக் கவுத்துடா."

பஞ்சாரம் என்பது கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை. அது உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் கம்பி வலைக் கூண்டு போதும். புதுக் கோழியை அதில் வைத்து, பழைய கோழி தீனி தின்னும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒன்றை ஒன்று பார்க்கட்டும், கொத்த முடியக்கூடாது. ஒரு வாரம் போனால் பழையது அதைச் சட்டை செய்யாமல் மேயத் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் நன்றாக இருட்டியபின் புதியதைத் தூக்கிக் கம்பில் பழையதுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது, சண்டை போடாது. விடிந்ததும் நாலு கொத்து விழும். யார் பெரியவர் என்று தீரும்வரை அது இருக்கத்தான் செய்யும், ரத்தம் வராதவரை நடுவில் போகாதீர்கள். தீனியை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

ஒரே ஒரு கோழி வாங்காதீர்கள், இரண்டு மூன்றாக வாங்குங்கள். அடி பங்கு பிரியும். வயதும் உருவமும் உங்கள் கோழியை ஒட்டி இருக்க வேண்டும். முடிந்தால் சந்தையை விட்டுவிட்டுத் தெரிந்தவர் வீட்டில் வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் பஞ்சாரத்துக்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் தள்ளி, வேறு இடத்தில் அடைத்து வைத்து, எச்சத்தையும் மூச்சையும் கவனியுங்கள். நோய் வந்து கோழி செத்த வீடாக இருந்தால் சுண்ணாம்பு அடித்து, பழைய வைக்கோலைக் கொளுத்தி, இரண்டு மாதமாவது காலியாக விட்டபின் வாங்குவது நல்லது.

வாங்காமலும் துணை சேர்க்கலாம். உங்கள் கோழி அடைக்குப் படுக்கிற ரகமாக இருந்தால் கொஞ்சம் காத்திருங்கள். சேவல் இல்லாமல் அது இடுவதெல்லாம் கூமுட்டைதான், பொரிக்காது. சேவல் இருக்கிற வீட்டில் பத்து முட்டை வாங்கி வைத்தால் 21 நாளில் அதற்கே ஒரு கூட்டம் வந்துவிடும். பாதி சேவலாகப் போகும், அது வேறு விஷயம். ஆசைக்கு வாத்து முட்டையை அதோடு கலந்து வைக்காதீர்கள். வாத்துக்கு 28 நாள். கோழிக்குஞ்சு வெளியே வந்ததும் தாய் எழுந்து போய்விடும்.

இனி வாத்தும் கோழியும் ஒரே கொல்லையில் இருப்பது பற்றி. பெரிய சண்டை எதுவும் வராது, தண்ணீர்தான் தகராறு. வாத்து கண்ணும் மூக்கும் முழுக அலச வேண்டும், தீனியை வாயில் அள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தொட்டி சேறாகிவிடும். கோழிக்குத் தண்ணீரை ஒரு முழ உயரத்தில், வாய் குறுகிய பாத்திரத்தில் தனியாக வையுங்கள். வாத்துத் தொட்டியைக் கூண்டுக்கு வெளியே தள்ளி ஜல்லியின் மேல் வையுங்கள். ஈரத் தரையில் கோழிக்கு ரத்தக்கழிச்சல் எளிதில் வரும். கூண்டில் கோழிக்குக் கம்பு, வாத்துக்குக் கீழே வைக்கோல். ஆனால் கம்புக்கு நேர் கீழே வாத்து படுக்காதபடி பாருங்கள், இல்லாவிட்டால் காலையில் அதன் முதுகைப் பார்க்க முடியாது. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கோ சோளமோ கொடுத்தால் கோழிக்கு முன்னால் வாத்துதான் விழும்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது: நான்கில் ஆண் வாத்து எத்தனை? வாலில் சுருண்ட இறகு இருந்து, குரல் கம்மிப்போய்க் கரகரவென்று இருந்தால் ஆண். சேவலுக்கு இல்லாத உறுப்பு அதற்கு உண்டு. பெட்டை போதாவிட்டால் கோழியின் மேல் ஏறும், கோழிக்கு உள்ளே காயம் பட்டுச் சாகக்கூட வாய்ப்பு உண்டு. எங்கள் கோழியின் பிடரியில் இறகு கொட்டியதைப் பார்த்துவிட்டு இரண்டு ஆணில் ஒன்றை விற்றேன். உங்களிடம் இரண்டு ஆண் இருந்தால், புதுக் கோழி தேடுவதற்கு முன் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.