“இது யாருக்கு எழுதின லெட்டர்?”

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. ஊர் கம்பம். மலைக்கு மேலே வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை. திங்கள் காலை கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறினால் சனி சாயங்காலம்தான் வீடு. கல்யாணமாகி 9 வருடம். பையன் மூன்றாவது படிக்கிறான். மனைவி கேரளத்து வண்டிப்பெரியாற்றில் வளர்ந்தவள். வீட்டில் தமிழ்தான், ஆனால் படித்தது மலையாள மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

போனில் பால் கணக்கு, டியூஷன் பீஸ், அம்மாவின் மாத்திரை பேசி முடிப்பதற்குள் டவர் போய்விடும். அதனால் கல்யாண நாளுக்கு நெட்டில் பார்த்து நிலவு, தேவதை, ஏழு ஜென்மம் என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தி, “இது யாருக்கு எழுதின லெட்டர்?” என்று சிரித்தாள். கூசிப் போய்விட்டது.

அவள் மேல் குறை இல்லை. லேட்டாக வந்தாலும், வாங்கி வரச் சொன்னதை மறந்தாலும் “சாரமில்ல” (பரவாயில்லை) என்று மலையாளத்தில் ஒரே சொல்தான். ஞாயிற்றுக்கிழமை என் சட்டைகளை ஊறப்போடும் முன் மூக்கில் வைத்துப் பார்ப்பாள். அந்த ஏலக்காய் வாசம் பிடிக்குமா என்றுகூட நான் கேட்டதில்லை. எனக்குக் கவிதை வராது. எப்படி எழுதுவது?

— ஒரு வாசகர், கம்பம்

அன்புள்ள வாசகருக்கு,

சட்டையை மூக்கில் வைத்துப் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் காதல் கடிதத்தின் முதல் வரி அதுதான். விலாசம் மாறி எனக்கு வந்துவிட்டது.

மனைவி கேட்டதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நியாயமான கேள்வி. சங்க அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்வதில்லை. யார் காதலாகவும் இருக்கலாம் என்பது பாட்டுக்கு அழகு, கடிதத்துக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவிக்குக் கொடுத்தாலும் பொருந்துகிற வரி எதுவானாலும் அடித்துவிடுங்கள். மூன்று பக்கத்தில் எத்தனை தேறும் என்று பாருங்கள்.

முதலில், கொடுக்கப்போகாத ஒன்றை எழுதுங்கள். ரிச்சர்ட் ஸ்லாட்சர், ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 86 காதல் ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2006-ல் வெளியானது. ஜோடியில் ஒருவர் மட்டும் தினம் 20 நிமிடம், மூன்று நாள், தங்கள் உறவைப் பற்றி மனதில் உள்ளதை எழுதினார். வேறு சிலர் அன்றைய வேலைகளை மட்டும் எழுதினார்கள். உறவைப் பற்றி எழுதியவர்களில் அதிகம் பேர் மூன்று மாதம் கழித்தும் சேர்ந்திருந்தார்கள். துணைக்கு அனுப்பிய மெசேஜ்களிலும் உணர்ச்சிச் சொற்கள் கூடியிருந்தன. அவர்கள் இளம் காதலர்கள்; 9 வருட தாம்பத்தியத்துக்கு அதே பலன் என்று சொல்லமாட்டேன். முறையை எடுத்துக்கொள்ளலாம்.

ராத்திரி காய் கிளறிவிட்டு உட்காரும் நேரம் போதும். மூன்று இரவு, 20 நிமிடம். அவர் என்ன செய்தார், எப்போது, அதைப் பார்த்து உங்களுக்கு என்ன ஆயிற்று, இவ்வளவுதான். “பாசமானவள்” என்று எழுதினால் அடித்துவிட்டு, எதைப் பார்த்து அப்படித் தோன்றியதோ அதை எழுதுங்கள். நான்காம் நாள் படித்து இரண்டு விஷயத்தை மட்டும் வட்டமிடுங்கள். மூன்றாவதைச் சேர்த்தால் பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும்.

கொடுக்கிற கடிதம் ஒரு பக்கம், 12 வரிக்குள். இப்படித் தொடங்கலாம்:

“ஞாயித்துக்கிழம நீ என் சட்டைய மோந்து பாப்ப.
நான் பாக்காத மாதிரி இருப்பேன்.
ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.
ராத்திரி ஸ்டோர்ல அது ஞாபகம் வரும்.
வீட்டுக்கு வந்துட்ட மாதிரி இருக்கும்.”

கடைசி இரண்டு வரி என் ஊகம். உண்மையில்லை என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் போடுங்கள். இதையும் காப்பியடித்தால் பழைய கதைதான்.

பேச்சுத் தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலையாளத்தில் ‘க’ போன்ற ஒலிகளுக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே ஒன்று. எந்த ஒலி என்பது சொல் தெரிந்தால்தான் பிடிபடும். வாயில் புழங்கும் சொல் என்றால் பாதியிலேயே புரிந்துவிடும். “ஜென்மாந்திர பந்தம்” என்று வந்தால் திக்கித் திணற வேண்டும். அன்று பாதியில் நிறுத்தியது அலுப்பால்கூட இருக்கலாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி, எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி. ‘தடுமாறினால் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாரா?’ என்று யோசித்து எழுதுங்கள். பையன் வாயால் கேட்கிற கடிதமாக இது ஆகக்கூடாது. மலையாளம் தெரிந்த சக தொழிலாளியிடம் எழுதி வாங்கவும் வேண்டாம். மனைவியின் பெயரை மட்டும் மலையாள எழுத்தில் நீங்களே பத்துத் தடவை பழகி, மேலே எழுதுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

கவிதை வராதே என்ற பயத்துக்கு: நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் பெற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி செய்தது. பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு, பெற்றவர்களுக்குச் சங்கடம் இல்லை. எழுதுபவர் நடையைப் பற்றிக் கவலைப்படுகிறார், வாசிப்பவர் அன்பைத்தான் பார்க்கிறார்.

கெடுக்கிற விஷயங்கள் சில. “ஆனால்” என்ற சொல்: அது வந்தால் அதற்கு முன் எழுதியதெல்லாம் போச்சு. வாக்குறுதி: “இனி வாரம் இருமுறை வருவேன்” என்று எழுதி ஜீப் கிடைக்காவிட்டால், கடிதமே சாட்சியாகிவிடும். அம்மாவோடு ஒப்பீடு, பணப் பேச்சு, சண்டை போட்ட ராத்திரி எழுதுவது, இதெல்லாம் வேண்டாம். கொடுத்த அன்றே போனில் “படிச்சியா?” என்று கேட்பதுதான் பெரிய தப்பு. பதில் வராமலும் போகலாம். அடுத்ததை ஒரு மாதம் கழித்து எழுதுங்கள்.

“சாரமில்ல” என்பதைக் கடிதத்தில் கொண்டுவராதீர்கள். பரவாயில்லை என்று ஒருவர் எப்போதும் சொல்கிறார் என்றால், எல்லாமே பரவாயில்லை என்று அர்த்தமில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “நெஜமாவே சாரமில்லையா?” உள்ளே வருத்தம் ஏதாவது இருந்தால் பேசித்தான் தீரும். கடிதம் அதற்கு மருந்தாகாது.

வண்டன்மேட்டிலிருந்து தபாலில் போடலாம்தான். ஆனால் தபால்காரர் வரும் நேரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மா என்றால் யோசியுங்கள். திங்கள் காலை கிளம்பும் முன், பையன் பள்ளிக்கூடம் போன பிறகு அவர் கை மட்டும் படுகிற இடத்தில் வைத்துவிட்டு ஜீப் ஏறுங்கள். சட்டைப் பையில் மட்டும் வேண்டாம். மோந்து பார்ப்பவர் பையைத் துழாவ மறந்தால் வாளித் தண்ணீரோடு போய்விடும்.