பால்மரம் இலை கொட்டும் மாசியில் என்ன பார்க்கலாம்?

*கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை, குளிர்காலம் முடிகிற சமயம் என்று பறவைப் படங்களாக அனுப்புகிறாள். "நம்ம ஊர்ல பிப்ரவரியில என்னம்மா வரும்?" என்று என் பத்து வயது மகள் கேட்கிறாள். நாங்கள் இருப்பது மலேசியாவின் ரந்தாவில். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை), கொஞ்சம் பால்மரம் (ரப்பர்). இங்கே பார்க்க ஏதாவது உண்டா? பைனாக்குலர் வாங்க வேண்டுமா?*

நிறையவே உண்டு. நமக்குப் பனி கிடையாதே தவிர, இலையுதிர்வு உண்டு. பால்வெட்டுக்குப் போன பாட்டி யாராவது இருந்தால் கேளுங்கள்: தை, மாசியில் மரம் மொட்டையாகும், மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) பால் குறையும் என்பார். பறவை பார்ப்பவருக்கு அந்த மொட்டை மரம்தான் வசதி. மற்ற மாதங்களில் இலைக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் கண்ணில் படும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியை மகளுக்குக் காட்டுங்கள். அங்கே சின்னச் சுரப்பிகளில் தேன் கசியும், பூவே தேவையில்லை. அதற்குத் தேனீ வரும், தேனீயைத் தேடிப் பஞ்சுருட்டான் வரும். மின்கம்பியில் உட்கார்ந்து, பிடித்த தேனீயைக் கம்பியில் அடித்து அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும் பச்சைக் குருவி அதுதான்.

செம்பனைக்குள் நேரத்தை வீணாக்காதீர்கள். பகலில் அங்கே பெரிதாக எதுவும் கிடைக்காது, பாம்பு பயம் வேறு.

அதைவிட மாலை ஏழு மணி வாக்கில் கடைத்தெருவுக்குப் போய்க் கம்பிகளைப் பாருங்கள். தகைவிலான் குருவிகள் சைபீரியா, சீனப் பக்கமிருந்து ஆகஸ்ட், செப்டம்பரில் வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பும். பகாங்கின் பெந்தோங் நகரில் அவை கம்பி கொள்ளாமல் வரிசை கட்டும். இதே சாயலில் உள்ளூர்த் தகைவிலானும் உண்டு, கட்டடத்து விளிம்பிலும் பாலத்தடியிலும் மண்கூடு கட்டும். அதன் வயிறு அழுக்குச் சாம்பல், வால் குட்டை. விருந்தாளிக்கு வெள்ளை வயிறு, கழுத்துச் சிவப்புக்குக் கீழே கறுப்புப் பட்டை. இப்போது அது பழைய இறகை உதிர்த்துப் புதிது போட்டுக்கொண்டிருக்கும். ஜனவரியில் அரைகுறையாக இருந்த வால் ஊசிகள் மார்ச்சில் நீண்டிருக்கும். வாரம் ஒரு படம் எடுத்து வைத்தால் மகளுக்கே புரியும்.

வேலிக்கம்பத்தில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிய பழுப்புக் குருவி ஒன்று தினமும் அதே இடத்தில் கத்திக்கொண்டிருந்தால், அது கீச்சான். அதுவும் வடக்கிலிருந்து வந்ததுதான்.

சரி, பெரிய காட்சிக்கு வருவோம். காரில் ஒரு மணி நேரத்துக்குள் போர்ட்டிக்சன் அருகே கடலோர முனையான தஞ்சோங் துவான் போய்விடலாம். சுமத்ரா பக்கத்து ரூபாட் தீவிலிருந்து கடலைக் கடந்து, சுமார் 38 கிலோமீட்டர் பறந்து, தேன்பருந்துகள் இங்கேதான் கரையேறும். நிலத்தின் மேல் எழும் வெப்பக் காற்றில் அவை சிறகடிக்காமலே உயரும். கடல் மேல் அந்தக் காற்று சரியாக எழும்பாது. அதனால் களைத்துப்போய், மரத்துக்குச் சற்று மேலாகத் தாழ்ந்து வரும். கரை வந்ததும் சுற்றிச் சுற்றி மேலேறி மறையும். கருடன் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்! கருடனுக்கு வெள்ளைத் தலை, செம்மண் நிற உடம்பு. தேன்பருந்துக்குப் புறாவைப் போலச் சின்னத் தலை, நீண்ட கழுத்து. முகத்தில் செதிள் போல இறகு நெருக்கமாக மூடியிருக்கும், குளவிக் கூட்டைப் பிய்க்கும்போது கொட்டாமல் காக்கும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முழுவதும் போகலாம். காலை பத்தரையிலிருந்து மதியம் மூன்று வரை நல்ல நேரம். வெயில் அடிக்கும் நாளாகப் பாருங்கள், மழை நாளில் வெறும் வானம்தான். மலேசிய இயற்கைக் கழகம் 2000-இல் தொடங்கிய பருந்து பார்க்கும் நிகழ்ச்சி பெரும்பாலும் மார்ச்சில் நடக்கும். முதல் தடவை அன்றைக்குப் போனால், தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள், அவர்களின் கருவியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே பைனாக்குலரை உடனே வாங்காதீர்கள். மகளின் ஆசை மாசி தாண்டியும் நின்றால் 8 மடங்கு பெருக்குவதை வாங்குங்கள். அதற்கு மேல் போனால் பிள்ளைக் கையில் ஆடும். அப்புறம், தஞ்சோங் துவானில் கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் வழியில் குரங்குகள் உண்டு. நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள்.