டிரிப் ஆகாமல் பண்ணிக் கொடுங்க!

வீட்டு மின்சாரம் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு, சேலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஒயரிங் வேலை பார்த்து ஓய்ந்த ஒயர்மேன் ஒருவர் பதில் சொல்கிறார்.

இரண்டு வருடம் முன்பு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனை வெட்டிவிடும் பெட்டி) வைத்தோம். மழை பெய்தால் விழும், அதாவது டிரிப் ஆகிவிடும். சில நாள் காலையில் கிரைண்டர் போட்டாலும் விழும். தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து பத்தே நிமிடத்தில் சரி பண்ணிவிட்டார். இப்போது விழுவதே இல்லை. ஆனால் ஐ.டி.ஐ. படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, "ஆர்.சி.சி.பி.யை விட்டுட்டு நேரா ஒயர் கொடுத்திருக்காருங்க அத்தை" என்கிறான். இதில் ஆபத்து உண்டா? வேறு நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

பையன் சொன்னது சரி. அவனுக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இந்தத் தப்பை நானே பண்ணியிருக்கிறேன் அம்மா. தொழிலுக்கு வந்த புதிதில், குகையில் ஒரு வீடு. அப்போது அதற்கு ஈ.எல்.சி.பி. என்று பெயர். "தம்பி, இது சும்மா சும்மா விழுது, விழாம பண்ணிக் கொடு" என்றார் அந்த வீட்டுக்காரர். எனக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. உள்ளே வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, காசு வாங்கிக்கொண்டு டி.வி.எஸ். 50-ஐ மிதித்துக் கிளம்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அந்த வீட்டு அம்மா ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டிருக்கிறார். தூக்கிப் போட்டுவிட்டது. உயிர் பிழைத்தார், உள்ளங்கையில் தழும்பு நின்றுவிட்டது. கிரைண்டர் மோட்டாரில் காயில் லீக். அதைத்தான் அந்தப் பெட்டி பத்து தடவை விழுந்து விழுந்து சொல்லியிருக்கிறது. என் காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகப் போகவே எனக்குக் கூச்சம்.

ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலைதான். ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்க்கும். வீட்டுக்கு வைக்கிற பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். அவ்வளவு குறைந்தாலே வெட்டிவிடும். நம் பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு எடுக்கிற கரண்டில் ஏறக்குறைய பாதிதான் அது. குறைகிற கரண்ட் ஈரச் சுவர் வழியாகப் போகலாம், ஆள் உடம்பு வழியாகவும் போகலாம். எம்.சி.பி.க்கு இந்த லீக்கேஜ் தெரியாது. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். அதனால் "எம்.சி.பி. இருக்கே, போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த நேர் ஒயரைத் திறமையான ஆளை வைத்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பெட்டி பழையபடி வேலைக்கு வந்ததும், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே ஒன்று பார்க்கலாம். வீட்டில் உள்ள பிளக் அத்தனையையும் உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது; சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் உள்ளே ஒட்டிக்கொண்டே இருக்கும். கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், எல்லாம். ஹீட்டர் சுவரோடு பிளக் இல்லாமல் மாட்டியிருந்தால் அதைக் கழற்றுவதை எலக்ட்ரீஷியனுக்கு விட்டுவிடுங்கள். அப்புறம் ஆர்.சி.சி.பி.யின் சுவிட்சை மேலே தூக்கிவிட்டு, காய்ந்த கையோடு, காலில் செருப்போடு ஒவ்வொன்றாகச் சொருகி, சுவிட்சைப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் திருடன். காலையில் மாவாட்டும்போது விழுந்தது என்கிறீர்கள். என் சந்தேகம் கிரைண்டர் மேல். எல்லாம் உருவிய பிறகும் மழை நாளில் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில். மாடிச் சுவரில் தண்ணீர் இறங்குகிற இடம், வெளி லைட், தண்ணீர்த் தொட்டி மோட்டார் லைன் என்று தேட வேண்டும்.

இனி ஆள் தேடுவது. காலை எட்டரை, ஒன்பது மணிக்கு உங்கள் ஏரியா எலக்ட்ரிக்கல் கடை வாசலில் போய் நில்லுங்கள். எலக்ட்ரீஷியன்கள் சாமான் வாங்க வரும் நேரம் அது. கடைக்காரரிடம் "நல்ல ஆள் யாருங்க?" என்று கேட்டால் யார் அதிகம் சாமான் எடுக்கிறாரோ அவர் பெயரைச் சொல்வார். "உங்க வீட்டு வேலைக்கு யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள், கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பெயர் சொல்வார். அந்த ஆளுக்குப் போன் போட்டு, "ஆர்.சி.சி.பி. விழுது, மெக்கர் வெச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். ஒயரின் இன்சுலேஷனை 500 வோல்ட்டில் சோதிக்கிற கருவி அது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை நம்பக் கூடாது. அதை வைக்கும் முன் டி.வி., எல்.இ.டி. பல்பு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார் விஷயம் தெரிந்தவர், இல்லாவிட்டால் அவை புகைந்துவிடும். டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வருபவர் பல்பு மாட்டலாம், லீக்கேஜ் தேட முடியாது.

நல்ல ஆளிடம் "டிரிப் ஆகாமல் பண்ணிக் கொடுங்க" என்று சொன்னால் "மாட்டேன்" என்பார். சண்டைக்காரர் மாதிரி தெரியும். அவரை விட்டுவிடாதீர்கள்.

லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்களே?
– சூரமங்கலம் வாசகர்

கோபித்தால் கோபிக்கட்டும். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒயர்மேனுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறது, ஒப்பந்தக்காரருக்கு உரிமம் தனி. ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற இதெல்லாம் கேட்க வேண்டாம். வீடு முழுக்க ஒயரிங், புது சர்வீஸ், லோடு ஏற்றுவது என்றால் கட்டாயம் கேளுங்கள். தேதி முடியாமல் புதுப்பித்திருக்கிறாரா என்றும் பாருங்கள். ஆனால் ஒன்று, சட்டகம் போட்டு மாட்டிய சான்றிதழோடு மோசமாக வேலை செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டில் பழைய வீடு. மழைக்காலத்தில் குளியலறைச் சுவரைத் தொட்டால் சுருக்கென்கிறது. சேலத்தில் இருந்து ஆள் வர யோசிக்கிறார்கள். வந்தாலும் "சாமான் இல்லை, நாளைக்கு வர்றேன்" என்று போனவர் வருவதில்லை.
– ஏற்காடு வாசகர்

முதலில் குளியலறை லைனை அணையுங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணையுங்கள். சுவர் சுருக்கென்றால் உள்ளே ஏதோ ஒரு ஜாயின்ட் ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது என்று அர்த்தம். மழை விட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரில் மழை விட்டால் பனிமூட்டம், சுவர் எங்கே காயப் போகிறது?

மலை வீட்டில் இன்னொரு தொல்லை எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற இணைப்பு. கீழே சேலத்தில் இரண்டரை, மூன்று மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிவிடுவோம். சேர்வராயன் மலையில் நாலடி தோண்டினால் பாறை. நிறைய பேர் அந்த நாலடியோடு பைப்பை வெட்டி நட்டு, மேலே சிமென்ட் பூசிவிடுவார்கள். பார்வைக்கு எர்த், வேலைக்கு ஆகாது. பாறை இருக்கிற இடத்தில் மண் பிடிப்பான இடமாகப் பார்த்து இரண்டு மூன்று குழி எடுத்து ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும். எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்து 5 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. வராவிட்டாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் ஆளைக் காப்பாற்றும். மலைக்கு அது இல்லாமல் இருக்கவே கூடாது.

ஆள் வராத விஷயம். அவர் பக்கத்தையும் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் மறந்துவிட்டால் அன்றைய கூலி போச்சு. நான் மேலே வேலைக்குப் போன நாளில் ஒரே ஒரு ஸ்க்ரூ பாக்கெட் விட்டுப் போனதற்காகக் கீழே இறங்கி மறுபடி ஏறியிருக்கிறேன். அதனால் போர்டு, மீட்டர், சுவர் எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் முதல் நாளே அனுப்புங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டு வேலையைச் சேர்த்து ஒரே நாளில் கொடுங்கள், பஸ் காசும் சாப்பாடும் தனியாகப் பேசிவிடுங்கள். உடனே வருவார். உள்ளூரிலேயே வேண்டும் என்றால் காபி எஸ்டேட், லாட்ஜ்களில் கேட்டுப் பாருங்கள். அங்கே நிரந்தரமாக ஒருவரை வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளி வேலைக்கு வருவார்கள்.

சித்திரை, வைகாசியில் இடி இடித்தால் டி.வி. பிளக்கோடு டிஷ் கேபிளையும் உருவிவிடுங்கள். பிளக்கை மட்டும் உருவிவிட்டு கேபிளை விட்டதால் போன டி.வி.கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து.

பழைய வீடு, அலுமினிய ஒயர். மகன் ஒன்றரை டன் ஏ.சி. வாங்கித் தருகிறான். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது, பெரிசாகப் போட்டால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

போதாது. வேண்டவும் வேண்டாம். எம்.சி.பி. காப்பது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் இருக்கிற ஒயரை. ஒயர் தாங்காத அளவுக்கு எம்.சி.பி. போட்டால் ஒயர்தான் முதலில் எரியும்.

கணக்கைப் பாருங்கள். ஏ.சி. ஏறக்குறைய 8 ஆம்பியர். 2,000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர். அதே வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு 9. மார்கழிக் காலையில் ஹீட்டரும் அடுப்பும், சித்திரை இரவில் ஏ.சி.யும் அடுப்பும், எல்லாம் ஒரே கிழட்டு அலுமினியத்தில். அலுமினிய ஒயரோடு புதுச் செம்பு ஒயரை முறுக்கி ஜாயின்ட் போட்டால் நாளாக நாளாக லூஸாகிச் சூடேறும். ஏ.சி.க்கு மெயின் போர்டில் இருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. ஹீட்டருக்கும் தனி. பழைய லைனில் லைட், ஃபேன் மட்டும் இருக்கட்டும், அதையும் காசு வரும்போது ஒவ்வொரு அறையாக மாற்றுங்கள். லோடு கூடுவதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

திடீரென்று லைட் பளிச்சென்று எரிகிறது, ஃபேன் பறக்கிறது, அப்புறம் மங்குகிறது. யாரைக் கூப்பிட?
– கன்னங்குறிச்சி வாசகர்

மெயினை அணைத்துவிட்டு அப்புறம் இதைப் படியுங்கள். நியூட்ரல் லூஸ். 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம்கூடப் போகும். பக்கத்து வீட்டிலும் இப்படியே என்றால் கோளாறு கம்பத்தில் அல்லது டிரான்ஸ்ஃபார்மரில்; மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றாலும் மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு, அதற்கப்புறம்தான் உங்கள் எலக்ட்ரீஷியன். அவரைக் கம்பத்தில் ஏறச் சொல்லாதீர்கள். ஏறுகிறேன் என்று அவரே சொன்னாலும்.

சாமானை நாமே வாங்கலாமா, அவரே வாங்கட்டுமா? கடையில் கமிஷன் உண்டாமே?
– அழகாபுரம் வாசகர்

உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன், பொய் சொல்வானேன். பாயிண்டுக்கு இவ்வளவு கூலி என்று நியாயமாகப் பேசிவிட்டு, சாமான் வாங்க அவரோடு நீங்களும் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஒயர், 90 மீட்டர் காயில், பில்லோடு. காயிலைப் பிரித்து வெட்டின மிச்சத்தை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே வந்து பார்த்துக் கொடுப்பீர்களா? தூரம் என்றாலும் வண்டி அனுப்புகிறேன்.
– ஓமலூர் வாசகர்

மூட்டு விட்டுப்போச்சுங்க. ஏணி ஏறி நாலு வருடமாகிறது. அந்த மூங்கில் ஏணி இப்போது எங்கள் கொல்லையில் அவரைக்கொடிக்குப் பந்தல்.