களப் பயிற்சிக்குச் செல்பவர்களின் கேள்விகள்

சமூகப் பணியில் முதுகலை படிக்கும் நான், வடசென்னையின் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு மாதங்கள் களப் பயிற்சி பெற்றேன். இந்த ஆண்டு செல்லவிருக்கும் இளையோரின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலாண்டு மாணவி, தாம்பரம்: அக்கா, முதல் வாரத்தில் என்ன வேலை தருவார்கள்?

பெரும்பாலும் நகர சுகாதார செவிலியருடன் தெருத் தெருவாக நடப்பதுதான் வேலை. புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று மட்டும் நிலையத்திலேயே இருந்து, தாய்மார்கள் வரிசையில் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவர், பெரம்பூர்: கதவையே திறக்காத வீடுகளில் என்ன செய்வது?

நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு நான் தட்டிய வீடுகளில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றிருந்தார்கள். மாலையில் அதே கதவுகள் திறந்தன.

மாணவி, இராயப்பேட்டை: 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிறகும் பலருக்கு இரத்த அழுத்தம் குறையாதது ஏன்?

மாத்திரை வீட்டுக்கு வருவதும் அது வயிற்றுக்குள் போவதும் ஒன்றல்ல என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு மீன்காரம்மா. விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்து, நண்பகல் வரை தெருவோரம் உட்கார்ந்து விற்பவர். அவருடைய அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்கவே இல்லை. அலட்சியம் என்றே நான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன். மூன்றாவது முறை போனபோது தான் அவர் மெதுவாகச் சொன்னார்: அந்த மாத்திரையைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வருகிறது, அவர் உட்காரும் இடத்தில் கழிப்பறை கிடையாது, அதனால் வியாபார நாட்களில் போடுவதில்லை. சில அழுத்த மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும் தன்மை உடையவை. நான் எந்த ஆலோசனையும் சொல்லாமல் மருத்துவ அலுவலரிடம் தெரிவித்தேன். அவர் வேறு மருந்து எழுதிக்கொடுத்தார். மாணவர்களாகிய நாம் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றச் சொல்லவே கூடாது.

அளக்கும்போதும் கவனம் தேவை. மாடிப்படி ஏறி வந்தவரை உடனே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் அளக்க வேண்டும்.

மாணவர், அம்பத்தூர்: மருத்துவமனையில் பயிற்சி எடுத்தால் இன்னும் அதிகம் கற்கலாம் என்கிறார் அப்பா. சரிதானா?

அப்பாவிடம் நம் சேத்துப்பட்டைப் பற்றிச் சொல்லுங்கள். இன்று அங்கே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான். அங்கே 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) மறுபாதியை அவரவர் நெரிசலான வீட்டிலுமாக வைத்து, இரு பாதியினருக்கும் அதே மருந்துகளால் ஓராண்டு சிகிச்சை அளித்தார்கள். சத்தான உணவும் ஓய்வும் சானடோரியத்தில்தான் கிடைத்தன. ஆனாலும் 1959-இல் வெளியான முடிவில், வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவில் தேறியிருந்தார்கள், அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. இதன் பின்னால், சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தவர்களின் உழைப்பும் இருந்தது. நாம் கற்கப்போவதும் அந்த வேலையைத்தான்.

மாணவி, மாதவரம்: நாட்குறிப்பில் என்ன எழுதலாம்?

பெயரும் கதவு எண்ணும் வேண்டாம். போன நேரம், வீட்டில் யார் இருந்தார்கள், அவர்கள் சொன்னது அவர்களுடைய சொற்களிலேயே, அடுத்த முறை கேட்க வேண்டியது. இதை அன்றிரவே எழுதிவிடுங்கள்.