அஷ்டமி 14-30 என்றால் மதியம் இரண்டரை இல்லை

பஞ்சாங்கத்தில் 'அஷ்டமி 14-30', தினசரி காலண்டரிலோ பகல் 12 மணி வரைதான் அஷ்டமி, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். பஞ்சாங்கத்தில் இருப்பது மணி இல்லை; சூரிய உதயத்திலிருந்து 14 நாழிகை 30 விநாடி. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், 60 விநாடி சேர்ந்தால் ஒரு நாழிகை. (கடிகார விநாடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், நான் குழம்பியிருக்கிறேன்.) ஆக 5 மணி 48 நிமிடம். அன்று உதயம் 6.12 என்று போட்டிருக்கிறதே, கூட்டிப் பாருங்கள், பகல் 12.

அப்புறம், விடியற்காலை 3 மணி இந்தக் கணக்கில் முந்தைய நாள்தான். வேறு தேதிகளில் மணிக்கணக்கில் இடித்தால், ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதமா என்று அட்டையைப் பாருங்கள்; இவை பஞ்சாங்கம் கணிக்கும் இரண்டு வெவ்வேறு முறைகள்.