வேதியியலா, கம்ப்யூட்டரா என்று கேட்கும் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, வணக்கம்.

மகளுக்கு பி.எஸ்சி. வேதியியல் படிக்க ஆசை. உங்களுக்கோ கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டால் வேலைக்குக் கவலையில்லை என்ற எண்ணம். பிளஸ் டூ முடிவு வந்ததும் வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம் என்று எல்லாப் பக்கத்துப் பெற்றோரும் கேட்கிற கேள்விதான் இது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை வேதியியலிலேயே சேருங்கள். சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே அந்த வேதியியலுக்குள் கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதற்காகத் தனியாக ஒரு சென்டரில் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆய்வகத்தில் அவள் கையால் செய்ததையே வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அது எப்படி என்று ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். உங்களுக்குப் புரியாத இடத்தை மகளிடம் கேளுங்கள், அவளுக்குத் தெரியும். கூம்புக் குடுவையில் 25 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், செறிவு 0.1 மோலார். அளவு குறித்த பியூரெட் குழாயில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், நிறம் மாறியதும் நிறுத்தி அளவைக் குறித்துக்கொள்வார்கள். அதோடு அந்தச் சோதனை முடிந்துபோகும். குடுவைக்குள் என்ன நடந்தது என்று பெரும்பாலான பிள்ளைகள் பார்ப்பதே இல்லை.

இப்போது லிப்ரேஆபீஸ் கால்க் மாதிரி ஒரு அட்டவணைச் செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் காரம் எத்தனை மில்லி என்பதை எழுத வேண்டும். அடுத்ததில் மீதமிருக்கும் அமிலத்தை மொத்தக் கன அளவால் வகுத்து, மடக்கை எடுத்து, பிஹெச் கண்டுபிடிக்க வேண்டும் (7-க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்). 25 மில்லியைத் தாண்டியதும் மிஞ்சுகிற காரத்தை வைத்துக் கணக்கு. எல்லாம் பிளஸ் டூ பாடத்தில் உள்ளதுதான். 20 மில்லி சேர்த்தாலும் பிஹெச் 2-க்குக் கீழேதான் இருக்கும். 24 மில்லியில் 2.7. 24.9-ல் 3.7. 25.1 மில்லிக்கு வந்தால் ஒரே தாவலில் 10.3! வரைபடத்தில் கோடு செங்குத்தாக எழும்பி நிற்கும். நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு போட்டாலும் பினாப்தலீன் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வருவது ஏன் என்பது அந்தக் கோட்டைப் பார்த்ததுமே விளங்கிவிடும்.

அப்புறம், செறிவு 0.1 என்று இருக்கும் கட்டத்தில் 0.001 என்று மாற்றச் சொல்லுங்கள். அட்டவணை முழுக்க நொடியில் மாறும். இப்போது 24.9-ல் பிஹெச் 5.7, 25.1-ல் 8.3. தாவல் சுருங்கிவிட்டது. மெத்தில் ஆரஞ்சின் நிறம் பிஹெச் 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் மாறுவது. இந்தக் கரைசலில் அது 23 மில்லி சேர்க்கும்போதே மாறி முடிந்திருக்கும். அதாவது 2 மில்லி தப்பு. ஆய்வகத்தில் ஏன் எப்போதும் 0.1 மோலார் பக்கத்திலேயே கரைசல் தயாரிக்கிறார்கள், நிறங்காட்டியை ஏன் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைக் கரும்பலகையில் ஒரு மணி நேரம் சொன்னாலும் இந்த அளவுக்கு மனதில் பதியாது. கையால் இத்தனை செறிவுகளுக்குச் சோதனை செய்ய நேரமும் கிடையாது, ரசாயனமும் கிடையாது. கம்ப்யூட்டர் வேதியியலுக்கு முதலில் செய்யும் உபகாரம் இதுதான்: ‘இப்படி மாற்றினால் என்ன ஆகும்?’ என்று பயமில்லாமல் கேட்க விடுகிறது.

நம் பாடநூல்காரர்கள் இதற்கு வழி வைக்காமல் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு வேதியியல் புத்தகங்களில் பாடத்தின் கடைசியில் க்யூஆர் கோடோடு இணையச் செயல்பாடு என்று ஒரு பக்கம் இருக்கும். பொதுத்தேர்வில் கேள்வி வராது என்பதால் எல்லோரும் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. விடுமுறையில் அந்தப் பக்கங்களை மட்டும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைப் பயிற்சிகளும், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ் தளமும் இலவசம்தான். மறுநாள் செய்யப்போகும் சோதனையை முந்தின இரவே அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனால், ஆய்வகத்தில் அவள் தடுமாற மாட்டாள். ஆனால் பியூரெட்டின் அடியில் உள்ள ஸ்டாப்காக்கைத் திருப்பி ஒரு சொட்டு மட்டும் விடுகிற பக்குவம் திரையில் வராது, அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். ஆய்வகத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் அங்கே சேர்க்காதீர்கள்.

இரண்டாவது உபகாரம் மூலக்கூறைக் கண்ணால் காட்டுவது. அவகாட்ரோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதில் ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சேனை நாற்காலி வடிவத்தில் ஒருமுறை, படகு வடிவத்தில் ஒருமுறை வரைந்து ஆற்றலைக் கணக்கிடலாம். படகு வடிவத்துக்கு மோலுக்கு ஏறத்தாழ 6.5 கிலோகலோரி அதிகம் என்பது புத்தகத்தில் உள்ள செய்தி. திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது எந்த இரண்டு ஹைட்ரஜன்கள் முட்டிக்கொள்கின்றன என்பது தெரியும். இதிலும் கவனம் வேண்டும். அணுக்களைப் பந்துகளாகவும் பிணைப்புகளைச் சுருள்வில்களாகவும் வைத்துக் கணக்கிடும் சாதாரண விசைப்புல முறையில் வரும் ஆற்றல் எண்ணை ஒரே மூலக்கூறின் இரு வடிவங்களுக்கு இடையே ஒப்பிடலாம், வேறு வேறு மூலக்கூறுகளுக்கு இடையே ஒப்பிடக் கூடாது. வேதியியல் தெரியாதவர் கையில் கம்ப்யூட்டர் தப்பான விடையையும் அழகாக அச்சடித்துக் கொடுக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் படித்தவர் இந்த இடத்துக்கு எளிதில் வர முடியாது, உங்கள் மகள் வரலாம்.

இது ஏதோ புதுசாக வந்த மோகம் என்று நினைக்க வேண்டாம். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவரோடு இருந்தவர்களும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதை வரைபடமாகப் போட்டார்கள். இன்றும் உலகில் எங்கே ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். 1998-ல் கோன், போப்பிள் இருவருக்கும், 2013-ல் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறைகளுக்காகத்தான். 2024-ன் வேதியியல் நோபலும் புரத அமைப்பைக் கம்ப்யூட்டரால் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், முன்கணித்த ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும் போயிற்று.

சரி, வேலை? நம் திருநெல்வேலி மாவட்டத்தையே சுற்றிப் பாருங்கள். தாழையூத்து சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லை எந்த விகிதத்தில் கலப்பது என்பதற்கு வேதியியல் பகுப்பாய்வு வேண்டும். சிமெண்ட் ஆலைகளில் இன்று எக்ஸ்கதிர்க் கருவி தரும் எண்களை வைத்து அந்த விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். கூடங்குளம் அணு உலையின் தண்ணீரில் போரிக் அமிலம் கரைந்திருக்கிறது, அது நியூட்ரான்களை உறிஞ்சுவதால் அதன் அளவை எப்போதும் கண்காணித்தாக வேண்டும். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினில் மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜனும் எரிகின்றன. எரிதலைக் கணக்கிட்டுப் பார்க்காமல் யாரும் அதைப் பற்றவைப்பதில்லை. இங்கெல்லாம் பி.எஸ்சி. முடித்ததும் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்கெல்லாம் போட்டி கடுமை. ஆனால் சென்னை, ஓசூர், ஹைதராபாத் மருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் வேதியியல் பட்டதாரிகளை எடுக்கின்றன. அங்கே கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியை இயக்குவதும், வந்த பதிவைப் படிப்பதும், யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடத்தோடு சேமிப்பதும் கம்ப்யூட்டரில்தான். ஒரு தொடர் எண்களைப் பார்த்ததும் வரைபடம் போட்டு, எந்தப் புள்ளி உதைக்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நேர்முகத்தில் தனி மதிப்பு உண்டு.

செலவைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மென்பொருள் எதற்கும் காசு கிடையாது. அரசு கொடுக்கும் மடிக்கணினி கைக்கு வந்தால் அதுவே தாராளம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். நெட் செலவுக்கு அதில் ஒரு பங்கு போதும். கல்லூரியில் அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சி வகுப்புகள் நடக்கும், அதைத் தவறவிடக் கூடாது. ‘ஆறு மாதத்தில் வேலை உறுதி’ என்று ஆயிரக்கணக்கில் கேட்கிற சான்றிதழ் வகுப்புகளுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு மென்பொருளெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று பயம் வரும். மெனுவில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

முதல் வருடம் அட்டவணைச் செயலி போதும். ஒவ்வொரு சோதனையின் எண்ணையும் அதில் ஏற்ற வேண்டும். ஆசிரியர் கையால் வரைந்த வரைபடத்தைத்தான் கேட்பார், அதையும் போடட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டாம் வருடம் மூலக்கூறு வரைதல், கூடவே பைத்தான் நிரல்மொழி. கூகுள் கோலாப்பில் பிரவுசரிலேயே எழுதலாம், எதையும் நிறுவ வேண்டாம். சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கிய உருகுநிலையை அப்படியே குறிப்பேட்டில் எழுதாமல், வேதிப்பொருள்களின் தகவல்களைத் தொகுத்து வைத்திருக்கும் பப்கெம் தளத்தில் சரிபார்க்கும் பழக்கமும் அப்போதே வர வேண்டும். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஜாம் தேர்வு நினைவில் இருக்கட்டும். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர அதுதான் வாசல். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், முழுக்கக் கம்ப்யூட்டரில். கால்குலேட்டர் கூடத் திரையில் வருவதுதான். அதன்பின் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆய்வு செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

பாளையங்கோட்டைக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போகும்போது வேதியியல் துறைக்குள்ளும் ஓர் எட்டு போய்வாருங்கள். துறைக்கென்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவா, மாணவிகளை மதியத்துக்கு மேல் அங்கே உட்கார விடுவார்களா, கடைசி வருட புராஜெக்டில் கணிப்பு வேதியியல் (கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் செய்யும் வேதியியல்) எடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். மகளையே கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. ‘கம்ப்யூட்டரெல்லாம் எதற்கும்மா, பாடத்தைப் படி’ என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.